வயலினும் வந்ததுதான், பியானோவும் வரட்டுமே!

நாஞ்சில் நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி சாலைக் கடைத்தெருவுக்கு வந்தவர் என் தாத்தா. அவரையும் சேர்த்து எண்ணினால் நான்காவது தலைமுறை என் மகள். ஐந்தாவது என் பேத்தி. தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். அந்தக் குறையை, அவள் பாட்டு கற்கிறாள் என்ற நிறைவில் மறந்திருந்தேன். நான்கு ஆண்டுகள் வாய்ப்பாட்டு கற்றவள் சென்ற ஆண்டு ஒருநாள், "தாத்தா, இனி நான் கீபோர்டு கிளாசுக்குப் போறேன்" என்றாள். "வீட்டுச் சொத்தை விட்டுவிட்டு ஊரான் கடைக்கா போகிறாய்?" என்று கடிந்துகொண்டேன். அன்று முதல் அவள் என் முன் வாசிப்பதை நிறுத்திவிட்டாள்.

சில மாதங்கள் கழித்து அவளாகவே வந்து கைபேசியை நீட்டினாள். "இவர் பேரைப் பாருங்க தாத்தா. நம்ம ஆளா?" விஜய் ஐயர் என்றிருந்தது. தொகுப்பின் பெயர் 'ஹிஸ்டாரிசிட்டி'. 2009இல் ஆக்ட் என்னும் ஜெர்மானிய நிறுவனம் வெளியிட்ட ஜாஸ் இசைத்தட்டு. "என்ன மக்கா, ஒரே இரைச்சலாக இருக்கிறதே" என்றுதான் முதலில் சொன்னேன். ஆனாலும் நெடுநாளைக்குப் பின் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பிள்ளையை எழுப்பிவிட மனம் வரவில்லை. பத்துப் பாடல்களையும் கேட்டேன்.

விஜய் ஐயர் அமெரிக்காவில் குடியேறிய தமிழ்ப் பெற்றோருக்கு 1971இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். மூன்று வயதில் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகள் மேற்கத்திய முறையில் வயலின் கற்றார். பியானோவைப் பெரும்பாலும் காதால் கேட்டுத் தாமே பழகிக்கொண்டார். கணிதமும் இயற்பியலும் படித்தவர். 2013இல் மெக்கார்தர் நல்கை பெற்றார். 2014இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியரானார். நான் கேட்ட தொகுப்பு கிராமி விருதின் பரிந்துரைப் பட்டியலிலும் இடம்பெற்றது.

மூவர் மட்டுமே வாசிக்கிறார்கள். பியானோ இவர், பாஸ் ஸ்டீபன் கிரம்ப், டிரம்ஸ் மார்கஸ் கில்மோர். நம் கச்சேரிப் பழக்கத்தில் பியானோ பாடகர் என்றும் மற்ற இருவர் பக்கவாத்தியம் என்றும் நினைத்துவிடக் கூடாது. மூவருக்கும் சம இடம்.

பியானோவில் கமகம் வராது. ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவே விரலை இழைக்க வழியில்லை. ஆகவே இதில் தோடியையும் கல்யாணியையும் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். தேட வேண்டியது லயத்தை. தென்னிந்தியத் தாள முறைகளின் செல்வாக்கு தம் இசையில் உண்டென்று அவரே சொல்லியிருக்கிறார். 'மிஸ்டிக் ப்ரூ' என்ற பாடலின் தாள அமைப்புக்கு 2, 3, 5, 8, 13 என்று வளரும் பிபனாச்சி எண்களின் விகிதங்களைக் கையாண்டதாகவும் எழுதியிருக்கிறார். இந்த எண்கள் நமக்கும் புதியவை அல்ல. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாத்திரையை மூன்று வகையில் நிரப்பலாம். நான்கு மாத்திரையை ஐந்து வகையில். ஐந்து மாத்திரையை எட்டு வகையில். பிபனாச்சி 1202இல் நூல் எழுதும் முன்பே, குஜராத்தின் ஹேமசந்திரர் யாப்பிலக்கணத்தில் இந்தக் கணக்கைச் சொல்லிவிட்டார். பேத்தியும் நானும் தாளில் எழுதிச் சரிபார்த்தோம்.

மூன்றாவது பாடல் 'கலாங்'. அதை முதலில் பாடியவர் எம்.ஐ.ஏ. என்று அறியப்படும் மாதங்கி அருள்பிரகாசம். லண்டனில் பிறந்து, இலங்கையில் வளர்ந்து, சிறுவயதிலேயே அகதியாக லண்டன் திரும்பிய ஈழத்தமிழ்ப் பெண். அந்தப் பாடல் இடம்பெற்ற 2005ஆம் ஆண்டுத் தொகுப்புக்குத் தந்தை வழங்கப்பட்ட பெயரையே 'அருளர்' என்று சூட்டினார். அவர் பாட்டை நியூயார்க் தமிழர் ஒருவர் பியானோவில் வாசிக்க, திருவனந்தபுரத்தில் நாங்கள் கேட்கிறோம். மூவரும் மூன்று கடற்கரைகள். ஆனால் இது நம் பெருமை மட்டுமல்ல. ஜாஸ் அமெரிக்கக் கறுப்பின மக்கள் தம் துயரிலிருந்து படைத்த கலை. இத்தொகுப்பில் ஸ்டீவி வொண்டர், ஆண்ட்ரூ ஹில் ஆகியோரின் பாடல்களும் உண்டு. விருந்தாளியாகப் போன வீட்டில் முறையறிந்து நடக்கிறார் விஜய் ஐயர்.

அன்றிரவு எனக்கு வடிவேலுவின் நினைவு வந்தது. தஞ்சை நால்வரில் ஒருவர். முத்துசுவாமி தீட்சிதரின் மாணவர். தஞ்சையை விட்டு நம் ஊருக்கு, சுவாதித் திருநாள் மகாராஜாவின் அவைக்கு வந்தவர். வயலின் அப்போது வெள்ளைக்காரன் வாத்தியம். அதைக் கர்நாடக இசைக்குப் பழக்கிய முன்னோடிகளுள் வடிவேலுவும் ஒருவர். 1834இல் மகாராஜா அவருக்குத் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்தார். பிழைக்க வந்த தமிழர் ஒருவர் கையில், இதே ஊரில், அந்நிய வாத்தியத்துக்கு அந்த மரியாதை கிடைத்தது. வயலின் இல்லாத கச்சேரியை இன்று நம்மால் நினைக்க முடிகிறதா? ஊரான் கடையென்று நான் ஏசியதை அன்று யாராவது வடிவேலுவிடம் சொல்லியிருந்தால்?

மறுநாள் காலை பேத்தியிடம் அந்தச் சொல்லுக்காக வருந்துகிறேன் என்றேன். வடிவேலுவின் கதையையும் சொன்னேன். "அப்போ வயலினும் கீபோர்டு மாதிரிதானா தாத்தா?" என்று கேட்டாள். வகுப்புக்கு நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். பதிலுக்கு, நவராத்திரி மண்டபத்தில் ஒரு நாளாவது என்னோடு கச்சேரி கேட்க வர வேண்டும் என்றேன்.

வந்தாள். கைதட்டல் இல்லாத அந்த மண்டபத்தில் வாய் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். தனி ஆவர்த்தனம் வந்ததும் அவள் விரல்கள் மடியில் எண்ணத் தொடங்கின. ஓரிடத்தில் நான் தாளத்தைத் தவறவிட்டேன். அவள் விடவில்லை.

அன்பர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எதைக் கேட்கிறார்கள் என்று ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். கண்டிப்பதற்கு அதன் பிறகும் நேரமிருக்கிறது.