முதுமையில் ஒரு புதுநாடு: கொடைக்கானல் கூறும் சேதி

உழைத்த நாட்டிலேயே ஓய்வுக் காலத்தையும் கழிப்பதா, பிறந்த மண்ணுக்கே திரும்பி விடுவதா, இரண்டும் அல்லாத வேறோர் ஊரைத் தேடிக்கொள்வதா? கடல் கடந்து பொருளீட்டச் சென்றோர் மிகுந்த நம் சமுதாயத்தில் இந்தக் கேள்வி எழாத குடும்பங்கள் குறைவு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து அந்நாட்டுக் குடிமக்களாகவே ஆகிவிட்ட பெரியவர்களுள் சிலர், இறுதிக் காலத்தையேனும் மூதாதையர் மண்ணில் கழிக்க விழைகின்றனர். ஆயினும் சமவெளியின் வெயில் அவர்களை அச்சுறுத்துகிறது. எனவே பழனி மலைத் தொடரின் மீதும் கொடைக்கானலின் மீதும் அவர்களது பார்வை செல்கிறது. குளிர்ந்த காற்று, அமைதி, ஒரு சிறு வீடு, சுற்றிலும் இரண்டு ஏக்கரில் காப்பித் தோட்டம் என்று கனவு விரிகிறது. அந்தக் கனவில் எது கைகூடும், எது கூடாது என்பதை அறிய, இதே மலைக்கு முன்பு வந்து சேர்ந்த அந்நியர்களின் வரலாறு நமக்குத் துணை செய்யும்.

கொடைக்கானல் நகரமே அந்நியர்களால் உருவானது. 1821 ஆம் ஆண்டில் வார்டு என்னும் ஆங்கிலேய இராணுவ அதிகாரி இம்மலைகளை அளந்தார். 1834 இல் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்கக் கிறிஸ்தவ ஊழியர்கள் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தம்மவர் பலரைப் பறிகொடுத்த பிறகு, உயிர் பிழைக்க ஒரு குளிரிடம் தேடி, 1845 இல் இங்கு இரண்டு வீடுகளைக் கட்டினர். ஏறத்தாழ ஏழாயிரம் அடி உயரமுள்ள அவ்விடத்துக்கு அன்று சாலை கிடையாது. பெரியகுளம் பக்கத்திலிருந்து செங்குத்தான மலைப்பாதை வழியே குதிரையிலோ, ஆட்கள் தோளில் சுமந்த நாற்காலியிலோதான் ஏற வேண்டும். நாற்காலியில் அமர்ந்து ஏறியவர்களின் பெயர்கள் ஏடுகளில் உள்ளன. சுமந்து ஏறியவர்களின் பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை. மோட்டார் வண்டி ஏறும் மலைச்சாலை 1910களில்தான் வந்தது.

அவ்வாறு வந்தவர்களுள் நம் கேள்விக்கு நேர் விடையாக நிற்பவர் சர் வியர் ஹென்றி லெவிஞ்ச். அயர்லாந்துக் குடும்பமொன்றைச் சேர்ந்த இவர் மதுரை மாவட்டக் கலெக்டராக இருந்தார். அக்காலத்து ஆங்கிலேய அதிகாரிகள் பணி முடிந்ததும் ஓய்வூதியத்தைப் பெற்றுக்கொண்டு கப்பலேறி விடுவர். இந்தியாவிலிருந்து திரும்பிய அதிகாரிகள் கூடி வாழும் ஊராகவே இங்கிலாந்தின் செல்டன்ஹாம் பெயர் பெற்றிருந்தது. லெவிஞ்ச் அவ்வாறு செய்யவில்லை. ஓய்வு பெற்ற பின் கொடைக்கானலிலேயே தங்கிவிட்டார். அங்குள்ள ஏரி 1863 இல் அவரது முயற்சியால் உருவானது. மூன்று நீரோடைகளின் நீரைக் கரை கட்டித் தேக்கி, தம் சொந்தப் பணத்தையும் அதில் செலவிட்டார். மீன்களை விடச் செய்தார். தூத்துக்குடியிலிருந்து முதல் படகைத் தருவித்தார். 1885 இல் அவர் இறந்தார். ஏறத்தாழ அறுபது ஏக்கர் பரப்புள்ள அந்த ஏரியைச் சுற்றித்தான் இன்றைய நகரமே பிழைத்து வருகிறது. எம் மதரஸா மாணவர்களை ஒருமுறை அங்கு அழைத்துச் சென்றபோது, அது இயற்கையாக அமைந்த ஏரி என்றே அனைவரும் எண்ணியிருந்தனர். மனிதன் வெட்டியது என்றதும், ஒரு சிறுவன் கரையில் குனிந்து நீரைத் தொட்டுப் பார்த்தான்.

லெவிஞ்சின் கொடையைப் புகழும்போது ஒன்றை மறக்கலாகாது. அவர் ஆளும் இனத்தவர். தங்குவதற்கு எவரிடமும் அனுமதி கேட்க வேண்டிய நிலை அவருக்கில்லை. நிலமும் ஆட்களும் அவரது சொல்லுக்குக் காத்திருந்தனர். இம்மலைகளில் அவருக்கு நெடுங்காலம் முன்பே பளியரும் புலையரும் வாழ்ந்தனர். குன்னுவர் பயிர் செய்து வந்தனர். புதியவர்களின் வரவால் அவர்களுக்குப் பேரிக்காயும் பிளம்ஸும் கிடைத்தன என்பது உண்மை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த தைலமரமும் சீகை மரமும் பரவி, சோலைக்காடுகளுக்கு இடையே இருந்த புல்வெளிகளை விழுங்கியதும் உண்மையே. தாம் விட்டு வந்த நாட்டைப் போலவே வந்த நாட்டையும் ஆக்கிவிட முயல்வது குடியேறுவோரின் பழைய பலவீனம். ஊரைக் கெடுப்பதற்குத் தீய எண்ணம் தேவையில்லை. ஊரேக்கம் ஒன்றே போதும்.

வேறொரு முகமும் உண்டு. ஆஸ்திரேலியாவில் பிறந்த ஒரு பெண்மணி, இலங்கைத் தமிழ்த் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து, லீலாவதி என்னும் பெயரைப் பூண்டு, கணவரின் நாட்டையும் சமயத்தையும் தமதாக்கிக்கொண்டார். 1930 இல் கணவர் மறைந்த பின், 1936 இல் கொடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவர் கோயிலை எழுப்பியவர் அவரே. அவரது சமயம் வேறு, நமது மார்க்கம் வேறு. ஆயினும், வந்த மண்ணின் மொழியும் வழக்கமும் தமக்குரியவை என்று ஒருவர் ஏற்றுக்கொண்ட பிறகு ஊரும் அவரை வேற்றாளாகக் கருதுவதில்லை என்பதற்கு அவர் சான்று.

தங்குவது விருப்பத்தால் ஆகும்போதுதான் இவையெல்லாம். 1965 இல் ஹஜ் கடமையை முடித்து நாடு திரும்பிய காஷ்மீரத் தலைவர் ஷேக் அப்துல்லா கைது செய்யப்பட்டு, உதகையிலும் பின்னர் கொடைக்கானலிலும் காவலில் வைக்கப்பட்டார். பிறந்த மாநிலத்தின் குளிரையும் மலையையும் ஏரியையும் நினைவூட்டும் ஊர்தான். ஆனால் வாசலில் காவலர் நின்றார்.

லெவிஞ்சின் காலத்தில் குடியேறியவரை மறித்தது நோய். இன்று முதலில் மறிப்பது சட்டம். மலேசிய அரசு 2002 முதல் ‘மலேசியா எனது இரண்டாம் இல்லம்’ என்னும் திட்டத்தின் கீழ், வசதியுள்ள வெளிநாட்டவர் நெடுங்காலம் தங்க இடமளித்து வருகிறது. இந்தியாவில் ஓய்வு பெற்ற வெளிநாட்டவருக்கென அத்தகைய தனி விசா கிடையாது. சுற்றுலா விசாவில் வந்து நிரந்தரமாகத் தங்கலாம் என்று எவரேனும் கூறினால் நம்ப வேண்டாம்.

இந்திய வம்சாவளியினருக்கு மட்டும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. அதுவே 2005 இல் நடைமுறைக்கு வந்த ‘வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்’ அட்டை, சுருக்கமாக ஓ.சி.ஐ. அதற்கு முன்பிருந்த வம்சாவளி அட்டை 2015 ஜனவரியில் இதனுடன் இணைக்கப்பட்டது. இவ்வட்டை பெற்றவர் வாழ்நாள் முழுவதும் விசா இன்றி வந்து போகலாம். எத்தனை நாள் தங்கினாலும் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டியதில்லை. பெயரில் ‘குடிமகன்’ இருப்பினும் வாக்குரிமை கிடையாது; அரசுப் பதவிகளும் கிடையா. பாட்டனோ பூட்டனோ இந்தியாவில் பிறந்தவர் என்பதற்கு ஆவணம் காட்ட வேண்டும். நம்மவர் பலர் இடறி விழுவது இங்கேதான். கப்பலேறிய பாட்டனாரின் பெயர் ஊர்ப் பதிவேட்டில் ஒருவிதமாகவும், அயல்நாட்டுப் பதிவேட்டில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டிருக்கும். வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய கடவுச்சீட்டையும் பத்திரத்தையும் எறிந்துவிடாதீர்கள்.

இனி, அந்த இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டம். ஓ.சி.ஐ. அட்டையுடையோர் இந்தியாவில் வீடு வாங்கலாம். விவசாய நிலமோ, தோட்ட நிலமோ, பண்ணை வீடோ விலைக்கு வாங்குதல் அந்நியச் செலாவணிச் சட்டப்படி கூடாது. பழனி மலைச் சரிவுகளில் விற்பனைக்கு வரும் நிலத்தில் பெரும்பகுதி இவ்வகையைச் சேர்ந்ததே. வாரிசுரிமையாக வருவதற்குத் தடையில்லை. இதை அறியாது, உறவினர் பெயரில் வாங்கி, பின்னர் அவ்வுறவையே இழந்தவர்கள் உண்டு. வீடு கட்டும் மனை வாங்கினாலும், கொடைக்கானல் மலைப் பகுதிப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டது. சமவெளியில் கட்டுவதுபோல் எண்ணிய இடத்தில் எண்ணிய உயரம் கட்ட முடியாது. முதலாண்டு வாடகைக்கு இருந்து பார்ப்பதே அறிவுடைமை என்பது என் கருத்து.

அதுவும் ஏப்ரல், மே மாதங்களில் பார்த்தால் போதாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் மூடுபனியும் சேர்ந்து, துணி காயாது. மூட்டு வலி உடையோர் படும் பாடு பெரிது. மார்கழி இரவுகளில் வெப்பநிலை எட்டு டிகிரி வரை இறங்கும். அந்தக் குளிரில் சுப்ஹுத் தொழுகைக்கு எழுந்து ஒளுச் செய்வது இளைஞருக்கே சோதனை. இதயமும் நுரையீரலும் தளர்ந்தவர்கள் அவ்வளவு உயரத்தில் குடியேறுமுன் மருத்துவரைக் கேட்டேயாக வேண்டும். நகரில் அரசு மருத்துவமனையும், 1915 முதல் இயங்கிவரும் வான் ஆலன் மருத்துவமனையும் உள்ளன. பெரிய சிகிச்சைக்கு மதுரைக்குத்தான் இறங்க வேண்டும். ஏறத்தாழ 120 கிலோமீட்டர், அதில் பாதி வளைவும் நெளிவும். மேலும், நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதத்தில் வெளியூர் வாகனங்களுக்கு மின்னணு அனுமதிச் சீட்டு முறை கொண்டுவரப்பட்டது. பார்க்க வரும் மக்களிடம் இதை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

பிள்ளைகள் அயல்நாட்டில், பெற்றோர் மலையில் என்றால், நள்ளிரவில் கதவைத் தட்ட யார் இருக்கிறார்கள் என்பதே பெரிய வினா. கொடைக்கானலில் பள்ளிவாசலும் ஜமாஅத்தும் உள்ளன. வீட்டுக்கு மின் இணைப்பு வாங்கும் வாரத்திலேயே ஜமாஅத்துக்கும் சென்று பெயரைக் கொடுத்து, சந்தாவையும் செலுத்திவிடுவது நலம். நோயுற்றால் விசாரிக்கவும், மவுத்தானால் ஜனாஸாவைத் தூக்கவும் வருபவர்கள் அவர்களே. அயல்நாட்டுக் குடிமகன் இங்கு இறந்தால், நகராட்சியில் இறப்பைப் பதிந்து சான்றிதழ் பெறுவதோடு, அவரது நாட்டுத் தூதரகத்துக்கும் தெரிவிக்க வேண்டும். கடவுச்சீட்டு எண், தூதரகத்தின் தொலைபேசி எண், பிள்ளைகளின் முகவரி, எங்கே அடக்கம் செய்ய வேண்டும் என்ற விருப்பம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, ஒரு படியை அடுத்த வீட்டாரிடமும் மற்றொன்றைப் பள்ளிவாசல் நிர்வாகியிடமும் கொடுத்து வைக்கலாம்.