பட்டும் சரிகையும் நீலக்கல்லும்

ஆரணிப் பக்கம் தறி வைத்திருப்பவர் வீட்டுக்குப் போனால், வெட்டிப்போட்ட சரிகைத் துணுக்கு ஒன்றும் பட்டு இழை ஒன்றும் கேட்டு வாங்குங்கள். இரண்டு டார்ச் செல், ஒரு பல்பு கொண்ட மின்சுற்றின் நடுவே சரிகையை வையுங்கள். பல்பு எரியும். பட்டு இழையை வைத்தால் எரியாது. அசல் சரிகையின் உள்ளேயும் பட்டு நூல்தான். அதன்மேல் சுற்றிய வெள்ளி இழையே மின்சாரத்தைக் கடத்துகிறது. (பிளாஸ்டிக் சரிகையாக இருந்து பல்பு எரியாவிட்டால் என்னைக் கோபிக்காதீர்கள்!)

வெப்பமும் இப்படித்தான். சூடான பாலில் இட்ட வெள்ளிக் கரண்டி கையைச் சுடும். பட்டுத் துணியால் பிடித்தால் சுடாது. அப்படியானால், மின்சாரத்தைத் தடுத்து வெப்பத்தை மட்டும் விடும் பொருள் உண்டா?

இது வெறும் விடுகதை அன்று. 2014 ஜனவரி 5இல் விண்ணில் ஏறிய ஜி.எஸ்.எல்.வி. டி5 ராக்கெட்டின் கிரையோஜெனிக் எஞ்சினை நெல்லை மாவட்டத்து மகேந்திரகிரியில் சோதித்தார்கள். அதன் எரிபொருளான திரவ ஹைட்ரஜனின் வெப்பநிலை ஏறத்தாழ 20 கெல்வின், அதாவது மைனஸ் 253 டிகிரி செல்சியஸ். இத்தகைய குளிரை மின்வெப்பமானியால் அளக்கும்போது ஒரு சங்கடம் உண்டு. வெப்பமானியின் கம்பிகள் வெளியறையின் வெப்பத்தை உள்ளே கொண்டுவரும். அந்த வெப்பம் குளிர்ந்த உலோகத்துக்குள் வடிந்துவிட வேண்டும். ஆனால் கம்பி உலோகத்தைத் தொட்டு மின்சாரம் கசியக் கூடாது. வெப்பம் வடியாவிட்டால் கருவி தன் சூட்டையே நமக்குச் சொல்லும்.

வழி இருக்கிறது. உலோகங்களில் வெப்பத்தைப் பெரும்பாலும் சுமப்பவை எலக்ட்ரான்கள். படிகங்களிலோ எலக்ட்ரான்களின் உதவியின்றி அணுக்களின் அதிர்வே அலையாக ஓடி வெப்பத்தைச் சுமக்கும். இரத்தினபுரி நீலக்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அது அலுமினியம் ஆக்சைடு. சிறந்த மின்கடத்தாப் பொருள். (ஆய்வகத்துக்கு வேண்டியதை உலையில் நிறமின்றி வளர்க்கிறார்கள்.) அறை வெப்பநிலையில் அது செம்பில் பத்தில் ஒரு பங்கு அளவே வெப்பம் கடத்தும். குளிரக் குளிர அதிர்வலைகள் ஒன்றோடொன்று மோதுவது குறைந்து, அவை தடையின்றி நெடுந்தூரம் ஓடுகின்றன. 30 கெல்வின் அருகே தூய நீலக்கல் செம்பையே மிஞ்சிவிடும்! இன்னும் குளிர்ந்து 4 கெல்வினுக்கு வந்தால் அலைகளே அருகிவிடும். செம்பு மறுபடியும் முந்திக்கொள்ளும். ஆகவே, எந்த வெப்பநிலைக்கு என்று கேட்காமல் பொருளைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அதே ஆக்சைடைப் பொடித்துச் சுட்ட பீங்கானிலும் இந்த வித்தை நடவாது. துகள்களின் எல்லைகளில் அலைகள் சிதறிப்போகும்.

முதுகலை மாணவனாக இருந்தபோது, நல்ல படிகம் ஒன்றை வைத்துவிட்டு, அது உலோகத்தோடு சேரும் இடத்தைக் கவனியாமல் விட்டேன். அரை நாள் அளவீடுகள் வீணாயின. பளபளப்பாகத் தேய்த்த இரு கடின முகங்கள்கூடச் சில புள்ளிகளில்தான் தொடும். வெற்றிடத்தில் இடைவெளியை நிரப்பக் காற்றும் இல்லை. கடுங்குளிரிலும் மிருதுவாக இருக்கும் இண்டியம் உலோகத் தகட்டை இடையில் வைத்து அழுத்தினால் இது சரியாகும்.

இவ்வளவு செலவுக்கு வழியில்லையா? ஆய்வகங்களில் பழைய கைவைத்தியம் ஒன்று உண்டு. சிகரெட் சுற்றும் மெல்லிய தாளை வார்னிஷில் நனைத்துச் செம்பின்மேல் ஒட்டி, அதன்மேல் கம்பியை நெருக்கமாகச் சுற்றுவார்கள். தாள் வெப்பத்தை நன்றாகக் கடத்தாதுதான். ஆனால் அதன் தடிமன் மில்லிமீட்டரில் சில நூறில் ஒரு பங்குதான். கம்பி தொடும் பரப்போ அதிகம். வெப்பமானிக் கம்பி கொண்டுவரும் சிறு வெப்பம் வடிய அது போதும்.