பொய் மணியும் மெய் மணியும்

சென்ற ஐப்பசித் திங்களில் என் தமக்கையின் கணவர் அமெரிக்காவிலிருந்து விடுமுறையில் அம்பூரிக்கு வந்திருந்தார். அவர் கொணர்ந்த பொருள்களுள் உள்ளங்கை அளவேயான கருநிறக் கருவி ஒன்றும் இருந்தது. காரின் முன்கண்ணாடியில் அதனைப் பொருத்திவிட்டால், சாலையோரத்தில் நின்று வாகனங்களின் வேகத்தை அளக்கும் காவலரின் ராடார் அலைகளை அது முன்கூட்டியே உணர்ந்து மணியடிக்கும். ‘ராடார் டிடெக்டர்’ என்பது அதன் பெயர். ராடார் உணரி என நாம் வழங்கலாம்.

மறுநாள் வெள்ளறடை, பாறசாலை வழியாகத் திருவனந்தபுரம் சென்றோம். நெய்யாற்றின்கரையில் ஒரு பெரிய கடையின் முன் மணி அடித்தது. காவலர் எவரும் இல்லை. புதிய கார் ஒன்று எங்களைக் கடந்து சென்றது. மீண்டும் மணி அடித்தது. பாலராமபுரத்தை அடைவதற்குள் எத்தனை முறை அடித்ததென்று எண்ணுவதையே விட்டுவிட்டோம். அத்தான் ஒவ்வொரு முறையும் கருவியைப் பாராமலே விரலால் ஒரு பொத்தானை அழுத்தி அதன் வாயை அடைத்துக்கொண்டிருந்தார். “அங்கேயும் இப்படித்தான், பத்துக்கு ஒன்பது பொய்” என்றார்.

பத்துக்கு ஒன்பது பொய் சொல்லும் ஒன்றை ஏன் வைத்திருக்க வேண்டும்? அது ஏன் பொய் சொல்கிறது? அந்தக் கேள்விகளோடு ஊர் திரும்பிய நான், அதைப் பற்றிச் சிறிது படித்தறிந்தேன். நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகள் வளைகுடா நாடுகளிலும் கனடாவிலும் அமெரிக்காவிலும் கார் ஓட்டுகின்றனர். ஆதலின் அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

ராடார் என்பது யுத்தத்தின் குழந்தை. 1935-ஆம் ஆண்டு ராபர்ட் வாட்சன் வாட் என்னும் ஸ்காட்லாந்து விஞ்ஞானி, வானொலி அலைகளைக் கொண்டு ஆகாய விமானத்தைக் கண்டறியலாம் என்று பிரிட்டனில் செய்து காட்டினார். யுத்தம் முடிந்ததும் அவ்வித்தை சாலைக்கு இறங்கியது. 1947-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், கிளாஸ்டன்பரி என்னும் ஊரில், காவலர் அதனைக் கொண்டு கார்களின் வேகத்தை அளந்து சோதித்தனர். அதே வாட்சன் வாட், 1950-களில் கனடாவில் வேகமாகக் கார் ஓட்டிச் சென்று, ராடாரினாலேயே அகப்பட்டு அபராதம் செலுத்தினார்! தன் வினை தன்னைச் சுடும் என்று நம்மவர் சொல்வது பொய்யன்று.

இதன் தத்துவம் எளியது. விசிலடித்துக்கொண்டு ரயில் நம்மை நோக்கி வருகையில் அதன் ஒலி கூர்மையாகவும், கடந்து போகையில் தணிந்தும் கேட்கிறதல்லவா? 1842-இல் டாப்ளர் என்னும் ஆஸ்திரிய அறிஞர் இத்தகைய மாறுதலின் காரணத்தை விளக்கினார். காவலரின் கருவி விநாடிக்கு ஏறத்தாழ 2,415 கோடி அதிர்வுகள் கொண்ட அலையை வீசுகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்வரும் காரில் பட்டு அவ்வலை திரும்பும்போது, அதிர்வு விநாடிக்குச் சுமார் 2,700 கூடிவிடுகிறது. அந்த வேறுபாட்டைக் கணக்கிட்டே வேகத்தைச் சொல்லிவிடுகின்றனர். காரில் உள்ள உணரியோ, தன் மேல் படும் அத்தகைய அலையைக் கேட்டதும் கூவுகிறது.

இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகிறது. அந்த அலை காவலருக்கு மட்டும் உரியதன்று. ஆள் வந்ததும் தானே திறக்கும் கடைக் கதவுகளில் பல, எக்ஸ், கே என்னும் அலைவரிசைகளையே பயன்படுத்துகின்றன. பக்கவாட்டில் வரும் வாகனத்தைக் காட்டும் ராடார், இக்காலத்துக் கார்கள் பலவற்றில் இருக்கிறது. அதுவும் பெரும்பாலும் அதே கே வரிசைக்கு அருகில் இயங்குவது. மற்றொரு காரில் உள்ள உணரியிலிருந்து கசியும் அலைகூட நம் உணரியை ஏமாற்றிவிடும். கருவி பழுதுபட்டிருப்பதால் பொய் சொல்லவில்லை. அது கேட்டது மெய்யான அலைதான். அனுப்பியவர் யார் என்பதுதான் அதற்குத் தெரியாது.

பொய் மணியைக் குறைக்க வழிகள் உண்டு. நகருக்குள் செல்லும்போது கருவியை ‘சிட்டி’ நிலையில் வைத்தால், வலுக்குறைந்த அலைகளுக்கு அது கூவாது. செயற்கைக்கோளின் துணையால் இடமறியும் கருவியாயின், நாள்தோறும் ஒரே இடத்தில் அடிக்கும் கடைக் கதவின் மணியை அவ்விடத்திற்கு மட்டும் அடக்கி வைக்கலாம். ஒரே இடத்தில் எழுந்து அடங்கும் ஓசை கதவினுடையது. கூடவே வந்து, முன்செல்லும் கார் விலகியதும் மறையும் ஓசை அந்தக் காரினுடையது. அமெரிக்காவில் கேஏ என்னும் வரிசையைக் கதவுகளும் கார்களும் பயன்படுத்துவது அரிது. ஆதலின் அவ்வரிசையில் மணி அடித்தால் அசட்டையாக இருத்தல் ஆகாது. லேசர் மணி அடித்தாலோ, பெரும்பாலும் வேகம் அதற்குள் அளக்கப்பட்டிருக்கும்!

இவற்றுக்கெல்லாம் முன், கருவியை வைத்திருப்பதே குற்றமா என்று அறிதல் வேண்டும். அமெரிக்காவில் சொந்தக் கார்களில் வைத்துக்கொள்ளப் பெரும்பாலான இடங்களில் தடையில்லை. வர்ஜீனியா மாநிலத்திலும் வாஷிங்டன் தலைநகரிலும் தடையுண்டு. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா, ஆல்பர்ட்டா, சஸ்காட்சுவான் ஆகிய மாகாணங்களில் அனுமதி உண்டு. தமிழர் மிகுதியாக வாழும் ஒண்டாரியோவிலோ, நிறுத்தி வைக்கப்பட்ட கருவி காரில் இருப்பதும் குற்றமே. ஐக்கிய அரபு நாடுகளிலும் சிங்கப்பூரிலும் தடைதான். வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளுக்குப் பெற்றோர் இதனை எழுதுவது நலம்.

நம் கேரளத்தில் அக்கருவி செய்தது இன்னும் வேடிக்கை. இங்கே 726 காமிராக்களை நிறுவி, 2023 ஜூன் 5 முதல் அபராதம் விதிக்கத் தொடங்கினர். அவற்றுள் 675 காமிராக்கள் தலைக்கவசமும் இருக்கைப் பட்டையும் அணியாதோரைப் படம் பிடித்துக் காண்பவை. ராடார் அலை வீசாத காமிராவை ராடார் உணரி எங்ஙனம் உணரும்? கடைக் கதவைக் கண்டு அலறிய கருவி, காமிராவின் கீழே செல்லும்போது மௌனம் சாதித்தது. அஞ்ச வேண்டாத இடத்தில் அஞ்சுவதும், அஞ்ச வேண்டிய இடத்தில் அஞ்சாதிருப்பதுமாகிய இரு பிழைகளும் ஒரே கருவியில்!

நிற்க. அன்று மாலை நடந்ததைச் சொல்லவே இவ்வளவும் எழுதினேன்.

நாங்கள் அம்பூரிக்குத் திரும்பியபோது மழை வலுத்திருந்தது. மலையடிவாரத்தில் உள்ள உறவினர் வீட்டிற்கு இரவு உணவிற்குச் செல்வதாக ஏற்பாடு. புறப்படும் நேரத்தில் அத்தானின் கைப்பேசி உரக்க ஒலித்தது. அவர் அதனைப் பாராமலே, பகலெல்லாம் செய்து பழகிய அதே விரலசைவால், ஓசையை அடக்கிவிட்டுக் கார்ச் சாவியை எடுத்தார்.

திண்ணையில் அமர்ந்திருந்த பெரியம்மா, “மாப்பிள்ளை, என்ன மணி அது?” என்று கேட்டார்.

“ஒன்றுமில்லை அத்தை, ஏதோ எச்சரிக்கை.”

“என்ன எச்சரிக்கை என்று பார்த்தீர்களா?”

பார்த்தார். மிகக் கனத்த மழைக்கான சிவப்பு எச்சரிக்கை. பெரியம்மா எழுந்து வாசற்படியில் நின்றுகொண்டார். “இன்றைக்கு யாரும் மலைப்பக்கம் போக வேண்டாம்” என்றார். அவர் குரலில் அதிகாரம் இல்லை, நினைவு இருந்தது. 2001-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள் இரவு, இப்படிப்பட்ட மழையில்தான் அம்பூரியில் மலைச்சரிவு உடைந்து இறங்கி, ஏறத்தாழ 40 உயிர்களைக் கொண்டு சென்றது. அன்று எந்தக் கைப்பேசியும் அவர் வீட்டில் ஒலிக்கவில்லை.

நாங்கள் போகவில்லை. மறுநாள் காலை வெயில் அடித்தது. எங்கும் ஒரு பிடி மண்கூடச் சரியவில்லை. “பார்த்தீர்களா அத்தை, இதுவும் பொய் மணிதான்” என்று அத்தான் சிரித்தார்.

பெரியம்மா சிரிக்கவில்லை. “சரியாமல் போனால் நல்லதுதானே மாப்பிள்ளை? பொய்யாய்ப் போனதற்கு வருத்தப்பட ஒன்றுமில்லையே” என்றார்.

அன்பர்களே, அந்த மூதாட்டியின் சொல்லில் நான் படித்தறிந்த அனைத்தினும் மிக்க உண்மை இருந்தது. கடைக் கதவைக் காவலர் என்று கூவுவது பொய் எச்சரிக்கை. பெய்யும் மழையைக் கண்டு மலை சரியலாம் என்று கூறுவது, பலியாமல் போகக்கூடிய மெய் எச்சரிக்கை. இரண்டும் காதுக்கு ஒரே மணியாய் ஒலிக்கின்றன. முன்னதை ஓயாது கேட்டுக் கேட்டு விரல் பழகிவிட்டால், பின்னதையும் அதே விரல் அடக்கிவிடும். ‘புலி, புலி’ என்று கூவிய சிறுவனின் கதையில் சிறுவனைத்தான் நாம் பழிக்கிறோம். கேட்டும் எழாதவர்களையும் சிறிது நினைத்தல் வேண்டும்.

ஆகவே பொய் மணிகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். குறைக்க இயலாத கருவியைக் கழற்றி வையுங்கள். சாலையில் வேகத்துக்குக் காவல் காரின் வேகமானியும் நம் வலக்காலுமே. நகர எல்லைக்குள் 50 கிலோமீட்டர் என்றால் 50. எஞ்சிய மணி எதுவாயினும், அடக்குமுன் ஒரு கணம் பாருங்கள்.

அத்தான் ஊருக்குத் திரும்பும்போது அக்கருவியை எடுத்துச் செல்லவில்லை. அது எங்கள் வீட்டு அலமாரியில் மௌனமாகக் கிடக்கிறது. சென்ற வாரம் தொலைபேசியில் பேசியபோது, அவர் முதலில் கேட்ட கேள்வி, “அங்கே மழை எப்படி?” என்பதுதான்.