தீக்கு முன், தீக்குப் பின்

இமையத்தின் ‘செல்லாத பணம்’ நாவலையும் பெருமாள்முருகனின் ‘பூக்குழி’யையும் அடுத்தடுத்துப் படிக்கிற வாசகருக்கு, ஒரே கதையை இரு முனைகளிலிருந்தும் படித்தது போலிருக்கும். இரண்டிலும் வீட்டார் ஏற்காத காதல் கல்யாணம், இரண்டிலும் நெருப்பு. ஒன்றில் அது சீக்கிரமே பற்றிவிடுகிறது. மற்றதில் கடைசிப் பக்கங்கள்வரை காத்திருக்கிறது.

2018-ல் வெளிவந்து, 2020-க்கான சாகித்ய அகாடமி விருதைப் பெற்ற ‘செல்லாத பணம்’ நாவலில் ரேவதி இன்ஜினீயரிங் படித்தவள். அவள் பிடிவாதமாகக் கட்டிக்கொண்ட ரவி, பர்மாவிலிருந்து வந்த அகதிக் குடும்பத்துப் பிள்ளை, ஆட்டோ ஓட்டுகிறவன். அப்பா நடேசன் பள்ளித் தலைமை ஆசிரியர். தீக்காயங்களோடு அவளைப் புதுச்சேரி ஜிப்மரில் சேர்த்த பிறகு, நாவல் வார்டுக்கு வெளியேதான் குடியிருக்கிறது. தீப்பட்ட உடலை மருத்துவர்கள் சதவீதத்தில் அளப்பார்கள்: கை ஒன்றுக்கு 9, கால் ஒன்றுக்கு 18. அந்தக் கணக்கின் முன்னால் பணத்தை வைத்துக்கொண்டு நிற்கிறது குடும்பம்.

வர்ணனையைக் குறைத்துக்கொண்டு பேச்சை நம்புகிறார் இமையம். அழுகை, ஏச்சு, பழி, பழைய கணக்கு என்று எல்லாம் பேச்சாகவே வருகின்றன. தானே கொளுத்திக்கொண்டாளா, கொளுத்தப்பட்டாளா? தீர்ப்பு கிடையாது. ஆளுக்கொரு பதில் வைத்திருக்கும் உறவினர்கள் நடுவே வாசகரும் ஒருவராக உட்கார்ந்துவிட வேண்டியதுதான்.

தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’ நாவலிலும் (2023 சாகித்ய அகாடமி விருது) காரு மாமாவின் சாவுக்குக் கூடும் உறவுகள்தான் கதையை இழுத்துச் செல்கின்றன. தலைப்பு புறநானூற்றின் 192-ஆம் பாட்டிலிருந்து வந்தது. ஆனால் இந்தக் கொங்கு நாவிதர் குடும்பத்தில் இழவு வீடு மெல்ல மெல்லப் பழைய பிணக்குகளை ஆற்றும் இடமாகிறது. ஆஸ்பத்திரி வாசலில் இமையம் அதற்கு இடமே தருவதில்லை.

‘பூக்குழி’ (2013) வேறு வழியில் போகிறது. சாதி மறுத்துக் காதல் மணம் செய்து உயிரிழந்த தருமபுரி இளவரசனுக்குக் காணிக்கையாக்கப்பட்ட நாவல் இது. 2023-ல் இதன் ஆங்கில மொழிபெயர்ப்பு சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. சாதிப் பெயர் எதுவும் கதையில் சொல்லப்படுவதில்லை. குமரேசன் காதலித்துக் கட்டிக்கொண்டு ஊருக்கு அழைத்துவந்த சரோஜாவின் நிறத்தையும் முகத்தையும் ஏற இறங்கப் பார்த்து, ‘என்ன ஆளுக’ என்று ஊர் துருவுவதே போதுமானதாக இருக்கிறது. மாமியார் மாராயியின் ஓயாத ஒப்பாரி மீதியைப் பார்த்துக்கொள்கிறது.

குமரேசனுக்கு சோடா வியாபாரம். பெருமாள்முருகனின் தந்தையும் திரையரங்கில் சோடாக்கடை நடத்தியவர் என்பதால் அந்தத் தொழில் எழுத்தில் இயல்பாகப் புழங்குகிறது. கோலி சோடாவில் மூடி தனியாகக் கிடையாது. உள்ளே அடைத்த வாயுவே கோலியை மேலே தள்ளி, கழுத்திலிருக்கும் ரப்பர் வளையத்தோடு இறுக்கி வைக்கிறது. பாறைமேல் இருக்கும் அவர்கள் குடிசைக்குள் சரோஜாவின் நாட்களும் அப்படியே இறுகிக் கிடக்கின்றன.

முள்காட்டுக்குள் அவளைச் சுற்றித் தீ எழும்போது குமரேசன் பக்கத்தில் இல்லை. அவன் சைக்கிள் சத்தம் கேட்கிறது. வந்து சேர்ந்தானா என்பதை நாவல் சொல்லாமலே நின்றுவிடுகிறது.