படிக்கிற பிள்ளைக்கு விளையாட்டு எதற்கு?

கோவையிலிருந்து அவினாசி செல்லும் நெடுஞ்சாலையில் இருக்கிறது கருமத்தம்பட்டி. பக்கத்திலேயே சோமனூர். இந்த வட்டாரம் முழுவதும் விசைத்தறிச் சத்தம்தான். தறிக்கு முன்னால் நின்று நின்று கால் கடுத்துப்போன தகப்பனாருக்கு ஒரே ஓர் ஆசை உண்டு. தன் மகன் தறிக்கு வரக்கூடாது. படித்து உத்தியோகத்துக்குப் போகவேண்டும். மாலையில் பையன் மைதானத்துப் பக்கம் தலை காட்டினால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. "படிக்கிற புள்ளைக்கு ஆட்டம் எதுக்குங்க?" என்று வாத்தியாரிடமே கேட்டுவிடுகிறார்.

அவர் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் விளையாடும் நேரமெல்லாம் படிப்பிலிருந்து திருடிய நேரம் என்று எண்ணுகிறாரே, அதுதான் தவறு.

இருபது நிமிட நடை

அமெரிக்காவில், இல்லினாய்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் ஹில்மனும் அவருடைய கூட்டாளிகளும் 2009-ல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் 20 பேர். ஒரு நாள் சும்மா உட்காரவைத்துப் பரீட்சை. இன்னொரு நாள் 20 நிமிடம் நடக்கவிட்டுப் பரீட்சை. நடந்த நாளில் கவனம் சிதறாமல் பதில் சொன்னார்கள். வாசித்துப் புரிந்துகொள்வதிலும் மார்க் கூடியிருந்தது. இருபது பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்ல முடியாதுதான். ஆனால் நடந்ததால் படிப்புக் கெடவில்லையே!

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது உடல் வியர்க்க இயங்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை. 2016 வரையிலான கணக்கை எடுத்து, 146 நாடுகளில் 16 லட்சம் மாணவர்களைப் பற்றி ஆராய்ந்ததில், 11 முதல் 17 வயதுக்காரர்களில் நூற்றுக்கு 81 பேர் அந்த அளவை எட்டவில்லை. பெண்களில் 85 பேர்!

மூச்சும் யோசனையும்

காசு இல்லாத வீட்டுப் பிள்ளைக்குச் சடுகுடு இருக்கிறது. மட்டை வேண்டாம், பந்து வேண்டாம். ஏழு பேர் எதிரே நிற்க, ஒருவன் பாடிக்கொண்டே உள்ளே போகிறான். அவனுக்கு 30 விநாடிதான் அவகாசம். யாரைத் தொடுவது, எப்போது திரும்புவது என்பதை அதற்குள் அவனே முடிவு செய்யவேண்டும். பிடிபட்டால் வெளியே. ஆனால் தோழன் ஒருவன் எதிரியைத் தொட்டு வந்தால், வெளியே இருப்பவன் மறுபடி ஆட்டத்துக்குள் வந்துவிடலாம். இதை எந்தப் பாடப் புத்தகத்தில் இவ்வளவு சுலபமாகச் சொல்லிக் கொடுக்க முடியும்?

காய்கறி விற்றவரின் மகன்

சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியில் மாரியப்பன் தங்கவேலு என்ற சிறுவன் ஐந்து வயதில் பள்ளிக்குப் போகும்போது பஸ் ஏறி வலது கால் நசுங்கிப்போயிற்று. தாயார் காய்கறி விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார். பள்ளியில் இருந்த உடற்பயிற்சி ஆசிரியர் பையனை உயரம் தாண்டச் சொன்னார். 2016-ல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார் மாரியப்பன். டோக்கியோவில் வெள்ளி, 2024-ல் பாரிசில் வெண்கலம். எல்லாப் பிள்ளைகளும் மெடல் வாங்கப்போவதில்லை. ஆனால் அந்த 'டிரில்' வகுப்பைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கியிருந்தால்?

இந்தக் கடன் சமாசாரம் எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். பொதுத் தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது விளையாட்டு நேரம்தான். அதைக் கடன் வாங்காதீர்கள் என்று தமிழகத் துணை முதலமைச்சரே 2024-ல் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்ள நேர்ந்தது.

பெண் பிள்ளைகள் கதை இன்னும் மோசம். வயதுக்கு வந்ததும் ஆட்டத்துக்கு முற்றுப்புள்ளி. இத்தனைக்கும் 2010-ல் ஆசிய விளையாட்டில் பெண்கள் கபடி முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோதே தங்கத்தைக் கொண்டுவந்தது இந்தியப் பெண்கள்தான்.

பெண்கள் ஆடும் கபடிக் களத்துக்கு நீளம் 12 மீட்டர், அகலம் 8 மீட்டர். இரண்டரை சென்ட்டுக்கும் குறைவான நிலம்!