கருவிழி மாற்று: முழுசா, ஓர் அடுக்கா?

2018-ல் என் மனைவிக்குக் கண் மங்க ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் ஒரே பனிமூட்டம். மத்தியானத்துக்குமேல் கொஞ்சம் தெளியும். இரண்டு முறை கண்ணாடி மாற்றியும் பயனில்லை. "கார்னியாவின் உள்ளடுக்கு கெட்டுவிட்டது, மாற்ற வேண்டும்" என்றார் டாக்டர். கண்ணையே எடுத்துவிட்டு வேறு கண் வைப்பார்களோ என்று வீடே பயந்துபோனது. பிறகு நான் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதை நம் சங்கக் குடும்பங்களுக்குச் சொல்கிறேன்.

இந்தச் சிகிச்சையில் முழுக் கண்ணை மாற்றுவதில்லை. கைக்கடிகாரத்தின் மேல்கண்ணாடி மாதிரி, கண்ணின் முன்பக்கத்தை மூடியிருக்கும் தெளிவான படலத்தைத்தான் மாற்றுகிறார்கள். நடுவில் அதன் தடிமன் அரை மில்லிமீட்டர்தான். அதில் இரத்தக் குழாய் கிடையாது; அதனால் மற்ற உறுப்புகளைவிட இதை உடம்பு எளிதில் ஏற்கிறது.

1905-ல், இன்றைய செக் நாட்டிலுள்ள ஒலமோட்ஸ் நகரில், சுண்ணாம்பு பட்டுப் பார்வை போன தொழிலாளிக்கு டாக்டர் சிர்ம் இதை முதலில் வெற்றியாகச் செய்தார். இந்தியாவின் முதல் கண் வங்கி 1945-ல் சென்னை எழும்பூர் அரசுக் கண் மருத்துவமனையில் தொடங்கியது. 1948-ல் டாக்டர் முத்தையா நம் நாட்டின் முதல் கருவிழி மாற்றைச் செய்தார்.

அந்தக் காலத்தில் முழுத்தடிமனையும் வட்டமாக வெட்டியெடுத்துப் புதியதை வைத்துத் தைப்பார்கள். ஆழமான தழும்புக்கும், புண்ணால் ஓட்டை விழுந்த கண்ணுக்கும் இன்றும் அதுதான் வழி. தையல் உண்டு, பார்வை நிலைபெற ஒரு வருஷம்கூட ஆகலாம்.

நான் ஜவுளிக்காரன். கோட்டில் லைனிங் மட்டும் நைந்தால் கோட்டையேவா தூக்கிப் போடுகிறோம்? டாக்டர்களும் அப்படித்தான் யோசித்தார்கள். கார்னியா கூம்புபோல் புடைத்தாலோ, மேற்பகுதியில் மட்டும் தழும்பு இருந்தாலோ, மேலடுக்கை மட்டும் மாற்றுவது 'டால்க்'. நோயாளியின் சொந்த உள்ளடுக்கு அப்படியே நிற்கும்.

உள்ளடுக்குச் செல்கள் கார்னியாவிலிருந்து நீரை இறைக்கும் பம்புகள். செத்தால் மறுபடி முளைப்பதில்லை. நீர் கோத்துப் பார்வை மங்கும். அதற்கு 'டிசேக்', அதைவிட மெல்லிய 'டிமெக்'. சின்னத் துவாரம் வழியாகப் புதுப் படலத்தை உள்ளே விட்டு, காற்றுக் குமிழால் ஒட்டவைக்கிறார்கள். ஆபரேஷனுக்குப் பின் மல்லாந்தே படுத்திருக்க வேண்டும். என் மனைவிக்கு நடந்தது டிமெக்தான். இப்போது ஊசியில் அவளே நூல் கோக்கிறாள்.

விழித்திரையோ பார்வை நரம்போ பழுதானால் இந்த மாற்றால் பயனில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

2009-ல் என் தாயார் காலமானபோது கண்தானம் செய்யலாம் என்றேன். அடுத்த பிறவியில் குருடாவாள் என்று உறவினர் தடுத்தார்கள். கண் எடுப்பதற்கான ஆறு மணி நேரம் வாதத்திலேயே போயிற்று. உயிர் வேறு, உடல் வேறு என்று காலங்காலமாகப் படித்துவரும் சமணக் குடும்பம் எங்களுடையது! பத்து வருஷம் கழித்து, யாரோ ஒரு வீட்டார் அந்த ஆறு மணிக்குள் சம்மதித்ததால் என் மனைவிக்குப் பார்வை வந்தது.

கண்ணாடி போட்டவர், கண்புரை ஆபரேஷன் ஆனவர், சர்க்கரை உள்ளவர், எல்லோரும் கொடுக்கலாம். மரணம் நேர்ந்ததும் மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைத்து, தலையைச் சற்று உயர்த்தி, கண் வங்கிக்குப் போன் செய்யுங்கள். நானும் என் மனைவியும் பிள்ளைகளிடம் சொல்லி வைத்துவிட்டோம். நீங்களும் இன்றே வீட்டில் பேசிவிடுங்கள்.