கோதுமை தவிர்த்த நனிசைவ உணவு: பதிலி உணவுகளின் முரணும் நெல், சிறுதானிய, பருப்பு உணவுகளின் இடமும்

ஆய்வுச் சுருக்கம்

விலங்குவழி உணவுகள் அனைத்தையும் விலக்கும் நனிசைவ முறையைப் பின்பற்றுவோருள் சிலர், உடல்நலக் காரணங்களால் கோதுமையையும் தவிர்க்க வேண்டியவராகின்றனர். ஒரு விலக்குக்கெனச் செய்யப்படும் பதிலி உணவு பல நேரங்களில் மற்றொரு விலக்கை மீறுவதாக அமைகிறது. இம்முரணையும், கோதுமை மறைந்திருக்கும் இடங்களையும், இவ்விரட்டை விலக்கில் ஏற்படக்கூடிய ஊட்டச்சத்துக் குறைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நனிசைவம், கோதுமை, குளூட்டன், சீலியாக் நோய், சிறுதானியம், உயிர்ச்சத்து பி12

முன்னுரை

தமிழில் சைவ உணவு என்பது புலால் நீத்த உணவைக் குறிக்கும். பால், தயிர், மோர், நெய் ஆகியன அதனுள் அடங்கும். இவற்றையும் தேனையும் சேர்த்து விலக்கும் முறை நனிசைவம் எனப்படுகிறது. இம்முறைக்கு அமைப்பு வடிவம் தந்த வீகன் சங்கத்தை டொனால்டு வாட்சனும் அவருடைய நண்பர்களும் 1944 நவம்பரில் இங்கிலாந்தில் தொடங்கினர். அந்த ஆண்டின் இறுதியில் நெதர்லாந்தைக் கடும் பஞ்சம் வாட்டியது. ரொட்டி கிடைக்காத அக்குளிர்காலத்தில் சீலியாக் நோயுற்ற குழந்தைகள் நலம் பெற்றதையும், ரொட்டி மீண்டும் கிடைத்தபோது நோய் திரும்பியதையும் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே கண்டார். கோதுமையே நோய்க்குக் காரணம் என்று அவர் முன்னரே கொண்டிருந்த ஐயம் இதனால் வலுப்பெற்றது. 1950இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேட்டில் அதனை அவர் நிறுவினார். ஏறத்தாழ ஒரே காலத்தில் உருப்பெற்ற இவ்விரு விலக்குகளும் ஒருவரிடமே சேரும்போது எழும் சிக்கல்களே இக்கட்டுரையின் பொருளாகும்.

கோதுமையைத் தவிர்ப்பதற்கான காரணங்கள்

கோதுமையைத் தவிர்ப்போரை மூன்று வகையினராகப் பகுக்கலாம். முதல் வகையினர் சீலியாக் நோயர். கோதுமை மாவுக்கு இழுவைத் தன்மை தரும் குளூட்டன் என்னும் புரதமும், பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள அதையொத்த புரதங்களும் இவர்களது நோய்த்தடுப்பு மண்டலத்தைத் தூண்டுகின்றன. அதனால் சிறுகுடலின் உறிஞ்சு முனைகள் சிதைகின்றன. இவர்கள் இம்மூன்று தானியங்களையும் வாழ்நாள் முழுவதும் விலக்க வேண்டும். இரண்டாம் வகையினர் கோதுமை ஒவ்வாமை உடையோர். இவர்களுக்குக் கோதுமையே தடை. பார்லியும் ரையும் அனைவருக்கும் தடையாவதில்லை. மூன்றாம் வகையினர், இவ்விரு நோய்களும் இல்லாதபோதும் கோதுமை உண்டால் வயிற்று உப்புசம், வலி முதலியன அடைவோர். இவர்களுள் சிலருக்குக் குளூட்டனன்றிக் கோதுமையிலுள்ள ஃப்ரக்டான் என்னும் மாவுப்பொருளே தொல்லை தருகிறது. அது வெங்காயத்திலும் பூண்டிலும் உண்டு. ஆகவே கோதுமையை மட்டும் நீக்குவதால் இவர்கள் முழுப்பயன் பெறுவதில்லை.

இப்பகுப்பு நடைமுறையில் இன்றியமையாதது. சீலியாக் நோயைக் கண்டறியும் குருதிச் சோதனையும் குடல் திசுச் சோதனையும் குளூட்டனை உண்டுவரும் காலத்திலேயே சரியான முடிவைத் தரும். கோதுமையைத் தாமாகவே நிறுத்திச் சில மாதங்கள் கழித்துச் சோதனைக்குச் செல்பவருக்கு நோய் இருந்தும் இல்லை என முடிவு வரக்கூடும். எனவே, சோதனை முதலிலும் விலக்கு அதன் பின்னும் அமைதல் வேண்டும்.

தென்னிந்தியச் சூழல்

இந்தியாவின் மூன்று பகுதிகளில் நடத்தப்பெற்று 2016இல் வெளிவந்த ஆய்வொன்று, சீலியாக் நோய்க்குரிய தன்னெதிர்ப்பொருள்கள் வடக்கே 1.23 விழுக்காட்டினரிடமும் வடகிழக்கே 0.87 விழுக்காட்டினரிடமும் தெற்கே 0.10 விழுக்காட்டினரிடமும் காணப்படுவதாகக் கூறுகிறது. நோய்க்கு இடந்தரும் மரபணுக்களோ வடக்கிலும் தெற்கிலும் மூன்றில் ஒருவருக்கு மேற்பட்டோரிடம் இருந்தன. உண்ணும் கோதுமையின் அளவிலேயே பெரிய வேறுபாடு தென்பட்டது: வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராமும் தெற்கே 25 கிராமும் உண்டனர். நீரிழிவுக்காக இரவில் சோற்றுக்குப் பதிலாகச் சப்பாத்தி உண்பதும், பரோட்டா, ரொட்டி, பிஸ்கட்டு ஆகியன அன்றாட உணவாவதும் தமிழகத்தில் இயல்பாகிவிட்ட இக்காலத்தில், தெற்கே இந்நோய் அரிது என்னும் எண்ணம் நோயறிதலைத் தாமதப்படுத்தலாம்.

பதிலி உணவுகளின் முரண்

இறைச்சியின் மென்மையையும் முட்டையின் பிணைப்பையும் தாவரப் பொருளால் உண்டாக்க முயல்வோருக்குக் குளூட்டன் எளிதில் கைகொடுக்கும் பொருள். செய்டான் எனப்படும் ‘சைவ இறைச்சி’ முற்றிலும் கோதுமைப் புரதமே. மறுபுறம், குளூட்டன் நீக்கிய ரொட்டிக்கு இழுவைத் தன்மை இல்லை. அக்குறையை ஈடுசெய்ய முட்டை வெண்கருவும் பால் பொருள்களும் பல தயாரிப்புகளில் சேர்க்கப்படுகின்றன. இவ்வாறு ஒரு விலக்குக்கான பதிலி மற்றதற்கான தடையாகிறது.

பொட்டலக் குறியீடுகளும் தனித்தனியே நின்றால் போதா. இந்தியாவில் பச்சைப் புள்ளி சைவத்தைக் குறிக்குமேயன்றி நனிசைவத்தைக் குறிக்காது. பால் சேர்ந்த பண்டமும் அக்குறியைப் பெறும். நனிசைவ உணவுக்கெனத் தனி விதிமுறைகளும் இலச்சினையும் 2022இல் வந்தன. ‘குளூட்டன் அற்றது’ என்பதற்குக் கிலோ ஒன்றுக்கு 20 மில்லிகிராமுக்கு மிகாத குளூட்டனே அளவுகோல். ஒன்றைப் பார்த்து மற்றொன்றை ஊகித்தல் கூடாது. இரண்டையும் சேர்த்தே நோக்க வேண்டும்.

மறைந்திருக்கும் கோதுமை

மைதா, ரவை, சேமியா ஆகியன பொதுவாகக் கோதுமையிலிருந்து செய்யப்படுவன என்பதைப் பலர் நினைவில் கொள்வதில்லை. ரவா தோசையும் ரவா இட்லியும் பெயரளவில் தோசை, இட்லி ஆயினும் இவ்விலக்குக்கு உட்பட்டவையே. சம்பா கோதுமை மரபு வகை என்பதால் தீங்கற்றது எனக் கருதுவதும் பிழை. அதிலும் குளூட்டன் உண்டு. சோயா சாறு பெரும்பாலும் கோதுமை சேர்த்தே புளிக்கவைக்கப்படுகிறது. எளிதில் கண்ணுக்குத் தப்புவது பெருங்காயம். கடைகளில் கட்டியாகவும் தூளாகவும் கிடைப்பது பெரும்பாலும் தூய பிசின் அன்று. மாவு கலந்த கூட்டு. அம்மாவு பல தயாரிப்புகளில் கோதுமை மாவாகும். சாம்பார், ரசம், ஊறுகாய் எனப் பலவற்றிலும் அது கலந்துவிடுகிறது. அரிசி மாவு மட்டும் சேர்த்த பெருங்காயமும் கிடைக்கிறது. உட்பொருள் பட்டியலைப் படித்து வாங்குவதே வழி.

கலப்பு மற்றொரு வாயில். ஒரே மாவு அரவை எந்திரத்தில் கோதுமைக்குப் பின் கேழ்வரகு அரைக்கப்படும்போது முந்தைய மாவின் எச்சம் அதில் சேர்கிறது. சீலியாக் நோயருக்கு அச்சிறு அளவும் தீங்கானது. தானியத்தைக் கழுவி உலர்த்தி வீட்டிலேயே அரைப்பதோ, ஊறவைத்து ஆட்டுவதோ இவர்களுக்குப் பாதுகாப்பானது.

புரதமும் கனிமங்களும்

நூறு கிராம் கோதுமையில் ஏறத்தாழ 11 கிராம் புரதம் உண்டு. அரிசியில் ஏறத்தாழ 8 கிராம். இவ்வேறுபாட்டைப் பருப்பு எளிதில் ஈடுசெய்யும். துவரை, உளுந்து, பாசிப்பயறு ஆகியவற்றில் அது 20 கிராமுக்கு மேல். தானியங்களில் குறைவான லைசின் பருப்புகளில் மிகுதி. பருப்புகளில் குறைவான மெத்தியோனின் தானியங்களில் உண்டு. அரிசியும் உளுந்தும் சேர்ந்த இட்லி, அரிசியும் பாசிப்பருப்பும் சேர்ந்த பொங்கல் ஆகியன இவ்விணைப்புக்குச் சான்றுகள். பொங்கலில் நெய்க்கு மாற்றாக நல்லெண்ணெயும், கேழ்வரகுக் கூழில் மோருக்கு மாற்றாக நிலக்கடலைப் பாலும் அமையலாம்.

பாலை நீக்குவதால் குறையும் கால்சியத்தைக் கேழ்வரகு பெருமளவு ஈடுசெய்கிறது. நூறு கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் உண்டு. இரும்புச்சத்து கவனத்துக்குரியது. தாவர இரும்பு இயல்பாகவே குறைவாக உறிஞ்சப்படும். அதனை உறிஞ்சும் சிறுகுடலின் முற்பகுதியே சீலியாக் நோயில் மிகுதியும் சிதைகிறது. கம்பு, பயறு, கீரை ஆகியவற்றுடன் எலுமிச்சை, நெல்லி முதலியன சேர்ப்பதும், உணவோடு தேநீர் அருந்தாமையும், பயறுகளை முளைகட்டுவதும் உறிஞ்சுதலை உயர்த்தும்.

உயிர்ச்சத்து பி12

மரபு உணவால் ஈடுசெய்ய இயலாத ஒன்று உண்டு. அது உயிர்ச்சத்து பி12. இட்லி மாவின் புளிப்போ பழைய சோற்று நீரோ இதற்கு நம்பத்தக்க மூலங்கள் அல்ல. சுருள்பாசியில் உள்ளது பெரும்பாலும் உடலுக்குப் பயன்படாத போலி வடிவம். உலக நலவாழ்வு அமைப்பும் உணவு வேளாண் அமைப்பும் வளர்ந்தோருக்குப் பரிந்துரைக்கும் அளவு நாளொன்றுக்கு 2.4 மைக்ரோகிராம் மட்டுமே. எனினும், அது தொடர்ந்து கிடைக்காவிடின் குருதிச்சோகையும் கை கால் மரத்தலும் தோன்றும். நரம்புச் சிதைவு நாட்பட்டால் மீளாதுபோகவும் கூடும். கல்லீரலில் உள்ள சேமிப்பு சில ஆண்டுகள் வரை தாங்குவதால் குறை தாமதமாகவே வெளிப்படும். கீரையும் பருப்பும் மிகுந்த உணவில் கிடைக்கும் ஃபோலேட்டு குருதிச்சோகையை மறைத்து, நரம்புப் பாதிப்பை மட்டும் வளரவிடக்கூடும். ஆதலால் நனிசைவர் மருத்துவர் அறிவுரைப்படி மாத்திரையாகவோ செறிவூட்டிய உணவாகவோ பி12 பெறுதல் கட்டாயமாகும்.

முடிவுரை

கோதுமையும் விலங்குவழி உணவும் ஒருங்கே விலக்கப்படும்போது, பதிலிப் பண்டங்களைத் தேடுவதைவிட, இவ்விரண்டையும் தொடக்கத்திலிருந்தே வேண்டாத உணவுகளை அடிப்படையாகக் கொள்வது எளிதும் உறுதியானதுமாகும். நெல், சிறுதானியம், பருப்பு, நிலக்கடலை, எள் ஆகியவற்றால் ஆன உணவு அத்தகையது. ஆயினும் அவ்வுணவின் பெருமை மூன்று கடமைகளை மறைத்துவிடலாகாது: விலக்குமுன் நோயைச் சோதித்தறிதல், பெருங்காயம் முதலியவற்றின் உட்பொருளை ஆராய்தல், பி12ஐப் புறத்தே பெறுதல். இம்மூன்றும் பேணப்படின், இரட்டை விலக்குடைய உணவும் நிறைவான உணவாக அமையும்.